ஹவுஸி மேஜைக்கு அடியில் யார்?

வாயில் இரண்டு வயர், வலது கையில் இடுக்கி, இடது கையில் செல்போன் டார்ச். ஆஞ்சலா மேடை மேஜைமேல் பாதி உடம்போடு கவிழ்ந்து கிடந்தாள். மணி இரண்டு ஐம்பது. நான்கு மணிக்கு ஹவுஸி, கூப்பிடும் எண்களை டிக்கெட்டில் அடித்து ஆடும் ஆட்டம். அவள் கையால் கட்டிய கம்ப்யூட்டரோ, இப்போதுதான் தன் பெரிய சிவப்பு எண்களில் தொண்ணூற்று நான்கு என்று காட்டிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஹவுஸியில் இருப்பதே மொத்தம் தொண்ணூறு எண்கள்தான்.

"தொண்ணூத்தி நாலு" என்று மேடைக்குக் கீழேயிருந்து ஒரு கனத்த குரல் வாசித்தது. "இது எந்த ஊரு ஹவுஸிம்மா?"

யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மைக் இல்லாமலே மைக் வைத்ததுபோல் பேசக்கூடியவர் காக்ஸ் டவுனில் ஒருவர்தான். மதலைமுத்து. கல்யாண வரவேற்புகளில் மைக் பிடிப்பது அவர் தொழில். கேக் வெட்டுவதிலிருந்து கடைசி டான்ஸ் வரை அவர் குரல் கொடுத்தால்தான் நடக்கும். சர்ச் பங்குத் திருவிழா ஹவுஸியில் பதினோரு வருடமாக எண்களைப் பையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவரும் அவர்தான். இந்த வருடம் அந்த நாற்காலியில்தான் ஆஞ்சலாவின் மிஷின் உட்கார்ந்திருந்தது. அவரோ முன்வரிசையில், பக்கத்துப் பங்கிலிருந்து வரப்போகும் விருந்தாளி ஃபாதருக்கென்று எவர்சில்வர் தட்டில் வைத்திருந்த ஏலக்கி வாழைப்பழங்களை ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஞ்சலா வாயிலிருந்த வயர்களைத் துப்பினாள். மறுபடி டார்ச்சை அடித்துக் குனிந்தாள். அவரிடம் வாயைக் கொடுத்துத்தான் இந்த வம்பே ஆரம்பித்தது.

மூன்று வருடமாக ஃபுல் ஹவுஸ் பரிசு மதலைமுத்துவின் மனைவி ஜூலியாவுக்கே விழுந்துகொண்டிருந்தது. டிக்கெட்டில் உள்ள பதினைந்து எண்களையும் யார் முதலில் அடித்து முடிக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அந்தப் பரிசு. முதல் வருடம் மிக்ஸி, அடுத்த வருடம் குக்கர், போன வருடம் மைக்ரோவேவ். போன வருடம் ஜூலியா எழுந்து நின்று "ஹவுஸ்" என்றபோது, திருவிழாக் கமிட்டியின் செயலாளர் ஆஞ்சலா, மைக் ஆனில் இருப்பது தெரிந்தே சொன்னாள்: "இது பங்குத் திருவிழாவா, முத்து அண்ணன் வீட்டு சீர்வரிசையா?"

ஹாலே குலுங்கிச் சிரித்தது. மதலைமுத்து எண் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். பேசாத மதலைமுத்துவைக் காக்ஸ் டவுன் அன்றுதான் பார்த்தது.

அதன்பிறகு ஹவுஸியே வேண்டாம் என்றார் பங்கு ஃபாதர். ஆஞ்சலா எழுந்து, மனிதக் கை படாமல் எண் எடுக்கும் மிஷின் ஒன்றைத் தானே கட்டித் தருவதாகச் சொன்னாள். அதிலும் தகராறு வந்தால் என்று கேட்டார் சில்வெஸ்டர். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ரிட்டயர் ஆனவர். நேர்மையான ஆள் யாரைப் பார்த்தாலும் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பவர். ஒரே ஒரு புகார் வந்தாலும், அதே மேடையில், அதே மைக்கில், முத்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள் ஆஞ்சலா. சில்வெஸ்டர் அதை கமிட்டி நோட்டில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார்.

ஆஞ்சலாவுக்குப் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் வேலை. செல்போனிலேயே எண் எடுக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் செல்போனுக்குள் என்ன நடக்கிறது என்று யார் பார்த்தது? அதனால்தான் எல்லாம் வெளியே தெரியும்படி கட்டினாள். பிரெட்போர்டு என்று ஓட்டை ஓட்டையாக வெள்ளைப் பலகைகள், எட்டு. அவற்றில் முப்பத்தெட்டு சிப், நானூறுக்கும் மேல் வயர். ஒரு சொட்டு ஈயம் கிடையாது, எல்லாம் ஓட்டையில் குத்தி நிற்பவை. முன்னால் தொங்கவிட அவள் கணவன் டிரேவர் ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருந்தான்: "இதில் மறைவு எதுவும் இல்லை."

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆறு வாரம் அது பிசகாமல் ஓடியது. இங்கே வந்ததும் தொண்ணூற்று நான்கு.

"முதல்ல பட்டனைப் பாரு ஆஞ்சி" என்றான் டிரேவர். அவனுக்குத் தெரிந்த ஒரே பாகம் அதுதான்.

பட்டனைப் பார்த்தாயிற்று. கரெண்டு வரும் சிவப்புக் கோடு இந்தப் பலகைகளில் நடுவில் அறுந்திருக்கும். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் அங்கேதான் விழுவார்கள். அந்த இடைவெளிக்குப் பாலம் போட்ட வயர்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மீட்டர் வைத்தாள். ஐந்து வோல்ட் அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்தில் காவலுக்கு நிற்கும் குட்டிக் கப்பாஸிட்டர்களை எண்ணினாள். எல்லாம் இருந்தன. மிஷின் எண்பத்தெட்டு என்றது, எண்பத்தெட்டு என்றது, மறுபடியும் எண்பத்தெட்டு என்றது.

மிச்சம் ஒரே ஒரு சந்தேகம். க்ளாக்.

பெயர்தான் க்ளாக், நேரம் காட்டுவதில்லை. ஓரத்தில் ஒரு சின்ன சிப் டிக், டிக் என்று துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு மஞ்சள் வயர் அந்தத் துடிப்பை எட்டுப் பலகைக்கும் கொண்டுபோகும். ஒரு டிக்குக்கு எல்லா சிப்பும் ஒரே சமயத்தில் ஒரே ஒரு அடி வைக்க வேண்டும். அந்தத் தாளம் பிசகினால் மிஷினில் எதுவுமே உருப்படாது.

பரிசோதிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு ஸ்விட்சைத் தள்ளினால், மிஷின் எண் எடுப்பதை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறுமனே எண்ணும். தள்ளினாள். க்ளாக்கையும் விநாடிக்கு ஒரு டிக் என்று மெதுவாக்கினாள். ஒன்று. இரண்டு. நான்கு. ஐந்து. ஏழு.

ஆஞ்சலாவுக்கு முதுகெல்லாம் ஜில்லென்றது. பயத்தில் இல்லை, திருடன் எந்தத் தெருவில் புகுந்தான் என்று தெரிந்துவிட்ட சந்தோஷத்தில். மெதுவாக ஓட்டினாலும் தாவுகிறது என்றால் வேகம் குற்றவாளி இல்லை. டிக்கே குற்றவாளி. ஒரு டிக் கிளம்புகிறது. நீளமான வயரின் கோடியில் முட்டித் திரும்பி, கூடவே ஒரு போலி டிக்கும் சேர்ந்துவிடுகிறது. சில சிப் ஒரு அடி வைக்கிறது, சில சிப் இரண்டு அடி வைக்கிறது.

டிரேவருக்குப் புரியவில்லை. மதலைமுத்துவுக்குப் புரிந்தது.

"எக்கோ" என்றார் அவர், அடுத்த பழத்தை உரித்துக்கொண்டே. "காலி கல்யாண மண்டபத்துல நான் 'எழுந்து நில்லுங்க'ன்னு ஒரு தரம் சொல்வேன், அது ரெண்டு தரம் கேக்கும். பின்வரிசை கிழவருங்க எழுந்து, உக்காந்து, மறுபடி எழுவாங்க."

இத்தனை வருடத்தில் லேபில் எந்த மாணவனுக்கும் இவ்வளவு சுருக்கமாகத் தன்னால் சொல்ல முடிந்ததில்லையே என்று ஆஞ்சலாவுக்கு எரிச்சல் வந்தது.

மருந்தும் அவளுக்குத் தெரியும். வயர் கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்தால் எதிரொலி அடங்கிவிடும். காசு பெறாத சாமான். வீட்டில் ஒரு நீல டப்பா நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடை எதுவும் திறந்திருக்காது. டிரேவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தான். திருவிழா ஊர்வலத்துக்காக வீலர் ரோட்டைப் பாதி அடைத்திருந்தார்கள். போக, வர நாற்பது நிமிடம். வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, வெற்றி வீரனைப்போல் நீல டப்பாவைத் திறந்தான். உள்ளே பஞ்சில் பத்திரமாகச் சுற்றி வைத்த மூன்று ஆடு, ஒரு இடையன், கால் உடைந்த ஒட்டகம். கிறிஸ்துமஸ் குடில் சாமான்.

"ரெண்டும் நீலமா இருந்துச்சு ஆஞ்சி" என்றான் டிரேவர் மெல்லிய குரலில்.

மணி மூன்று நாற்பது. ஹாலுக்கு வெளியே டிக்கெட்டுக்கு வரிசை மாதா சிலை இருக்கும் கெபி வரை நீண்டிருந்தது. ஆஞ்சலா ஒட்டகத்தைப் பார்த்தாள். ஒட்டகம் ஆஞ்சலாவைப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கைவசம் இருந்த பெரிய கப்பாஸிட்டர் ஒன்றை மஞ்சள் வயரில் குத்திப் பார்த்தாள். துடிப்பு சோம்பேறியாகி, மிஷின் பதினொன்று, பதினொன்று, பதினொன்று என்று ஜபம் செய்தது. அதற்கும் சிரித்தாள். அதைப் பிடுங்கி, எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து விட்டபோது கமிட்டி நோட்டின் அடிக்கோடு கண்முன்னால் வந்து நின்றது. அதற்கும் சிரித்தாள்.

மதலைமுத்து பழத் தட்டோடு மேடை ஏறினார். ஒரு கையில் தட்டு. மறுகையின் ஆள்காட்டி விரலை நீட்டி, தகராறு பண்ணுவது இந்த மஞ்சள் வயர்தானா என்று கேட்டபடியே அதன் முனையைத் தொட்டார்.

"அண்ணா, தொடாதீங்க."

அவர் விரல் அங்கேயே நின்றது. சிவப்பு எண்கள் ஓடின. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இருபது வரை ஒரு எண் தாவவில்லை. மதலைமுத்து விரலை எடுத்தார். இருபத்திரண்டு. இருபத்து நான்கு. விரலை வைத்தார். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. எடுத்தார். இருபத்தொன்பது. வைத்தார். சமத்தாக முப்பது.

அப்போதுதான் ஆஞ்சலாவுக்கு விளங்கியது. அவள் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் ஹாலின் கடைசி வரிசை வரை கேட்டது. வீட்டில் ஆறு வாரமும் இந்த மஞ்சள் வயரில் லேபிலிருந்து இரவல் வாங்கிய ஸ்கோப் கருவியின் கொக்கி மாட்டியே இருந்தது. துடிப்பைத் திரையில் வேடிக்கை பார்ப்பதற்காக மாட்டியது. அந்தக் கொக்கியின் சின்னப் பாரமே எதிரொலியை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். மிஷின் ஓடியதற்குக் காரணம் அவள் திறமை இல்லை. அதை அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

"மண்டபத்துல ஆளு வந்து உக்காந்தா எக்கோ போயிடும்" என்றார் மதலைமுத்து. "இங்க என் விரலு உக்காந்திருக்கு."

டிரேவர் தன் விரலை வைத்துப் பார்த்தான். அதற்கும் ஓடியது. ஆனால் அவன் டிக்கெட் கிழிக்க வேண்டும். ஆஞ்சலா பட்டனை அழுத்தி எண் வாசிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வயரைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் உட்கார, வேலை இல்லாத ஆள் ஹாலில் ஒருவர்தான்.

அவரிடம் எப்படிக் கேட்பது? போன வருடம் இதே இடத்தில் நின்று என்ன சொன்னாள்? ஆஞ்சலா தரையைப் பார்த்தாள். ஓடாத மிஷின் என்றால் நூறு புகார் வரும். மன்னிப்பு தானாக அவர் மடியில் வந்து விழும். அவர் ஏன் உதவ வேண்டும்?

மதலைமுத்துவே பேசினார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி.

"மிஷின் படுத்துக்கிச்சுன்னு நீ மன்னிப்புக் கேட்டா, அதுல எனக்கு என்ன மரியாதை? ஓடணும். ஓடி முடிச்சு, அப்புறம் கேளு. அதான் எனக்கு வேணும்."

"புகார் வந்தாத்தான் கேப்பேன் அண்ணா."

"வரும். சில்வெஸ்டர் இருக்கான் இல்ல."

ஆஞ்சலா ஒரு காரியம் செய்தாள். மஞ்சள் வயரில் ஒரு சிவப்பு வயரை இணைத்து, மேஜையின் பின்பக்கமாகக் கீழே இறக்கினாள். மேஜைக்கு நாலு பக்கமும் தரையைத் தொடும் வெள்ளைத் துணி. எல்லோர் கண்முன்னாலும் ஒருவர் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மிஷின்மேல் யாருக்கு நம்பிக்கை வரும்? மதலைமுத்து மூச்சு வாங்க மண்டி போட்டு, பழத் தட்டையும் தூக்கிக்கொண்டு, துணிக்கு அடியில் நுழைந்தார். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வாய்க்கு ஏதாவது வேண்டுமாம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஹவுஸி டிக்கெட் எட்டிப் பார்த்தது. பதினோரு வருடம் எண் கூப்பிட்டவர். கூப்பிடுபவர் விளையாடக்கூடாது என்பது விதி. இதுதான் அவருடைய முதல் டிக்கெட்.

"பேசக்கூடாது அண்ணா. இருமக்கூடக் கூடாது."

துணிக்கு அடியிலிருந்து பதில் இல்லை. நல்ல சகுனம்.

மேஜையின் முன்னால் டிரேவரின் அட்டை ஆடியது: "இதில் மறைவு எதுவும் இல்லை." ஆஞ்சலா அதைப் பார்க்காமல் மைக்கை எடுத்தாள்.

மணி நான்கு. ஹால் பிதுங்கியது. அவள் பட்டனை அழுத்தினாள். சிவப்பு எண்கள் சுழன்று நின்றன. பதினேழு. முதல் எண் சரியாக வந்ததற்கே அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. நாற்பத்து மூன்று. அறுபது. எண்ணை வெறுமனே வாசிக்கத்தான் அவளுக்குத் தெரியும். ஆனால் பதினோரு வருடப் பழக்கம் ஹாலை விடுமா? இருபத்திரண்டு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், முந்நூறு பேர் "ரெட்டை வாத்து" என்று மதலைமுத்துவின் பட்டப்பெயரைக் கூவினார்கள். மேஜைக்கு அடியில் அதைக் கேட்டு அவருக்கு எப்படி இருக்கும் என்று ஆஞ்சலா நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு செருமல்கூட வரவில்லை.

பத்து எண். இருபது எண். ஒன்றும் தாவவில்லை. ஒன்றும் திரும்ப வரவில்லை. மனசுக்குள் அவள் ஜைவ் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தாள். கூடவே ஒரு ஓரத்தில் ஒரு முள். அந்த விரல் நினைத்தால்? ஒரு நொடி எடுத்து வைத்தால் எண் தாவும். தாவவைக்கத் தெரிந்த ஒரே ஆள், அவள் யாரைத் திருடன் என்றாளோ, அவர். முப்பதாவது எண்ணின்போது, இருக்கிறாரா என்று பார்க்கக் காலை மெல்ல உள்ளே விட்டுத் துழாவினாள். முழங்கால் எதுவும் தட்டுப்படவில்லை. செருப்பு நுனியில் எவர்சில்வர் 'டிங்' என்றது. தட்டுதான். மனிதர் ஓரமாக ஒதுங்கிச் சாப்பிடுகிறார் போலிருக்கிறது. காலை இழுத்துக்கொண்டாள்.

முதல் வரிசைப் பரிசு போனது, நடு வரிசை போனது, கடைசி வரிசையும் போனது. மிச்சம் ஃபுல் ஹவுஸ். பரிசு, மேஜை மேல் வைக்கும் வெட் கிரைண்டர். ஹாலே பேனாவை டிக்கெட்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அறுபத்தொன்று.

நான்காவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கையில் டிக்கெட், முகத்தில் செய்வதறியாத திகைப்பு.

"ஹவுஸ்" என்றாள் ஜூலியா.

முந்நூறு நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. டிரேவர் ஓடிப்போய் டிக்கெட்டை வாங்கிச் சரிபார்த்தான், பதினைந்தும் சரி. அதற்குள் சில்வெஸ்டர் கமிட்டி நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டார்.

"புகார்" என்றார். "மூணு அம்பதுக்கு இந்த மேஜைக்கு அடியில ஒரு ஆளு நுழைஞ்சதை என் கண்ணால பாத்தேன். அந்த ஆளு ஜூலியா புருஷன்."

ஹால் கொதித்தது. ஃபாதர் ஆஞ்சலாவைப் பார்த்தார். அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அட்டை காற்றில் திரும்பி அவள் பக்கமாக நின்றது. மறைவு எதுவும் இல்லை.

அவள் மைக்கில் எல்லாவற்றையும் கொட்டினாள். தொண்ணூற்று நான்கு, எதிரொலி, ஒட்டகம், விரல், சிவப்பு வயர். ஒட்டகத்துக்குச் சிலர் சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்கவில்லை. விரல் வைத்திருப்பவர் நினைத்தால் எண்ணை மாற்ற முடியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஆஞ்சலா அதையும் மைக்கிலேயே சொன்னாள். "தாவ வைக்க முடியும் ஃபாதர்."

சில்வெஸ்டர் பேனாவின் மூடியைத் திறந்தார். அப்போது ஹாலின் பின்கதவிலிருந்து ஒரு குரல், மைக் இல்லாமல், முன்வரிசை வரை வந்தது.

"யாரைத் தேடறீங்க?"

முந்நூறு தலைகளும் திரும்பின. கட்லெட் ஸ்டால் பக்கத்து வாசலில் மதலைமுத்து நின்றிருந்தார். ஒரு கையில் காகிதத் தட்டு, தட்டில் பாதிக் கட்லெட். மறுகையில் அவருடைய டிக்கெட். இரண்டு எண் பாக்கி.

ஸ்டாலைக் கவனித்துக்கொண்டிருந்த குளோரியா சாட்சி சொன்னாள். முதல் எண் கூப்பிடும்போதே இவர் இங்கேதான் நின்றார், அப்போதிலிருந்து ஆறு கட்லெட் ஆகிறது, ஒவ்வொரு எண்ணுக்கும் தன் காதில் பட்டப்பெயர் சொல்லிச் சொல்லி உயிரை எடுத்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். மேடையின் பின்பக்கத் திரை வழியாக அவர் நழுவியதை யாருமே பார்க்கவில்லை.

ஆஞ்சலா மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். மேடைக்கும் கட்லெட்டுக்கும் நடுவில் நாற்பது அடி. அங்கேயிருந்து யாரும் எதையும் தாவ வைக்க முடியாது. அப்படியானால் ஜூலியா இன்று ஜெயித்தது வெறும் அதிர்ஷ்டம். போன வருடமும் அதே அதிர்ஷ்டம். அதற்கு முந்தின வருடமும்தான். மிஷின் நேர்மையானது என்று காட்டப் புறப்பட்டவள், இந்த மனிதரும் நேர்மையானவர் என்று ஹாலுக்கே நிரூபித்துவிட்டு நிற்கிறாள்.

வேறு எந்த வேலைக்கும் முன்னால் அந்த வேலையை முடித்தாள்.

"முத்து அண்ணா, போன வருஷம் இதே மைக்ல நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க. ஜூலியா அக்கா, நீங்களும்."

மதலைமுத்து கட்லெட்டை இறக்கி வைத்துவிட்டுக் கைகூப்பினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஜூலியா அழுதுகொண்டே கிரைண்டர் இருந்த பக்கம் நகர்ந்தாள். டிரேவர் எதற்கென்றே தெரியாமல் ஒட்டகத்தை உயர்த்திக் காட்டினான்.

சில்வெஸ்டர் மட்டும் பேனாவை மூடவில்லை. புகார் இன்னும் தீரவில்லை என்றார். இவர் அங்கே இருந்தார், சரி. வயரைப் பிடிக்காமல் மிஷின் ஓடாது என்று இந்த அம்மா இப்போதுதான் சொன்னாள். அறுபது எண்ணுக்கு மேல் ஓடியிருக்கிறது. அப்படியானால் அடியில் இருப்பது யார்?

ஆஞ்சலா குனிந்து வெள்ளைத் துணியைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது.

"ஆளை வெச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார் மதலைமுத்து. "எனக்கு விளையாடணும். கையும் மரத்துப் போச்சு."

"எந்த ஆளு? உன் மச்சானா?"

"எனக்குச் சொந்தம் இல்ல. இந்தப் பங்குலயே யாருக்கும் சொந்தம் இல்ல. டிக்கெட் வாங்கல. நீ என்ன கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டான்."

"வரச் சொல்லு வெளிய."

"நடக்கவும் மாட்டாம்ப்பா."

ஃபாதர் படியேறி வந்தார். முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது. சில்வெஸ்டர் ஒரு முனையையும் ஆஞ்சலா மறுமுனையையும் பிடித்து, வெள்ளைத் துணியைத் தூக்கினார்கள்.

மேஜைக்கு அடியில் ஆள் இல்லை. விருந்தாளிக்கென்று வைத்த எவர்சில்வர் தட்டு இருந்தது. சுற்றிலும் தோல். நடுவில், தின்னாமல் மிச்சம் வைத்த கடைசி ஏலக்கி பழம் ஒன்று. அதன் வயிற்றில், சிவப்பு வயரின் முனை பாந்தமாகக் குத்தி நின்றது.